மலைச்சரிவுச் சோளத்துக்குச் சொட்டு நீர்த் தொகுதி: ஒரு மதிப்பீடு

பதுளை நகரிலுள்ள விவசாய உபகரணக் கடையொன்றில் வாங்கிய சொட்டு நீர்ப்பாசனத் தொகுதியை, ஒரு பெரும்போகம் முழுவதும் சோளத்துக்குப் பயன்படுத்திய பின்னரே இதனை எழுதுகிறேன். ஒக்டோபர் மழையை நம்பியே விதைக்கிறோம். அம்மழை பிந்தியும் இடையில் விட்டும் பெய்யும்போது, ஆண்பூ விரிந்து கதிரில் பட்டிழைகள் வெளிவரும் முக்கியமான காலத்திலேயே மண் வறண்டுவிடுகிறது. அப்போது ஈரம் குறைந்தால் இழைகள் தாமதித்து, மகரந்தம் சேராமல் கதிரின் நுனி மணியற்றுப் போகும். பிறகு எவ்வளவு மழை பெய்தாலும் அந்த இழப்பு ஈடாகாது. இத்தொகுதி அக்காலத்தில் வேரடியை ஈரமாக வைத்திருந்ததால் கதிர்கள் நுனிவரை நிரம்பின.

வடிகட்டிதான் பெருங்குறை. பீலித் தண்ணீரோடு (மலை ஊற்றிலிருந்து குழாய்வழி வரும் நீரோடு) வரும் செம்மண் கசடு அதில் படிந்து, நீர் சொட்டும் சிறு துளைகளையும் அடைத்துவிடுகிறது. சரிவில் கீழ் வரிசைகளுக்கு நீர் மிகுதியாகவும் மேல் வரிசைகளுக்குக் குறைவாகவும் சென்றது. நிலம் சரிவானதா என்று விற்பனையாளர் கேட்கவேயில்லை என்பது எனக்கு வருத்தமே. குழாய்கள் உறுதியானவை. வாங்குவோர் அழுத்தத்தைச் சீராக்கும் சொட்டிகளைக் கேட்டு வாங்கி, குழாய்களைச் சமவுயரக் கோட்டில், அதாவது சரிவுக்குக் குறுக்கே ஒரே உயரத்தில், பதிக்கவேண்டும்.