அமெரிக்க லைசென்ஸா, கனடா லைசென்ஸா? சிவில் இன்ஜினியர்களுக்கு ஓர் அலசல்

சைட்டில் பல வருஷம் நின்று பழகிய நம் ஊர் சிவில் இன்ஜினியர் அமெரிக்காவிலோ கனடாவிலோ இறங்கினால், டிராயிங் போடலாம், கணக்குப் பார்க்கலாம். ஆனால் அதில் சீல் குத்திக் கையெழுத்துப் போட முடியாது. அதற்கு லைசென்ஸ் வேண்டும். இந்தியாவில் டாக்டருக்கும் வக்கீலுக்கும் இருப்பதுபோல இன்ஜினியருக்கு நாடு தழுவிய பதிவுச் சட்டம் கிடையாது. அதனால் இந்த விஷயமே பலருக்கு அங்கே போன பிறகுதான் தெரியவருகிறது. அமெரிக்காவிலோ வயோமிங் மாநிலம் 1907லேயே இதற்குச் சட்டம் போட்டுவிட்டது.

முதலில் டிகிரி. ஒரு நாட்டின் இன்ஜினியரிங் படிப்பை மற்ற நாடுகளும் மதிக்க வழிசெய்யும் வாஷிங்டன் உடன்படிக்கையில் 2014ல் இந்தியா முழு உறுப்பினர் ஆனது; ஆகவே நம் பி.இ. எங்கும் செல்லும் என்ற நம்பிக்கை பரவலாக இருக்கிறது. ஆனால் அந்த உடன்படிக்கை, நம் நாட்டில் படிப்புகளுக்குத் தரச் சான்று கொடுக்கும் என்.பி.ஏ.வின் (தேசிய அங்கீகார வாரியம்) டியர்-1, அதாவது முதல் அடுக்கு, அங்கீகாரம் பெற்ற படிப்புகளுக்கு மட்டும்தான். தன்னாட்சி இல்லாத இணைப்புக் கல்லூரிகள் டியர்-2ல் வரும். அவற்றுக்கு உடன்படிக்கை பொருந்தாது. தமிழ்நாட்டில் படித்தவர்களில் பெரும்பகுதி இந்தப் பக்கம்தான். கல்லூரி வாசலில் தொங்கும் என்.பி.ஏ. பேனரை மட்டும் நம்பிவிடாதீர்கள்.

அமெரிக்க வழி பரீட்சை வழி. முதலில் எஃப்.இ. (ஃபண்டமென்டல்ஸ் ஆஃப் இன்ஜினியரிங்) என்ற அடிப்படைத் தேர்வு: 110 கேள்விகள், 5 மணி 20 நிமிடம். சூத்திரக் கையேடு திரையிலேயே இருக்கும், தேடிப் பார்த்துக்கொள்ளலாம். கால்குலேட்டரில் கேசியோ எஃப்எக்ஸ்-991 வகைக்கு அனுமதி உண்டு. நம் ஹாஸ்டல்களில் கையோடு கையாகப் பழகிய அதே கேசியோதான். அதன்பின் பெரும்பாலான மாநிலங்களில் நான்கு வருஷ அனுபவமும் புரொஃபஷனல் இன்ஜினியர் தேர்வும் வேண்டும். சிவிலுக்கு 80 கேள்விகள், 8 மணி நேரம். தேர்வைவிடக் கஷ்டமான இடம் அனுபவம்தான்: லைசென்ஸ் உள்ள இன்ஜினியரின் கீழ் வேலை பார்த்திருக்க வேண்டும் என்று பல மாநிலங்கள் கேட்கும். சென்னையில் பார்த்த வேலைக்கு அப்படி ஒருவரை எங்கே தேடுவது? மாநிலத்துக்கு மாநிலம் விதி மாறுவதால் எந்த மாநிலத்தில் விண்ணப்பிக்கிறோம் என்பதே பாதி வெற்றி. கலிஃபோர்னியாவில் சிவிலுக்கு நிலநடுக்கம், சர்வே என்று கூடுதலாக இரண்டு தேர்வுகள்.

கனடா ஃபைலைப் பார்க்கும் நாடு. எல்லோரும் எழுதியாக வேண்டியது தொழில் நெறி, சட்டம் பற்றிய தேர்வு மட்டும்: பெரும்பாலான மாகாணங்களில் 110 கேள்விகள், இரண்டரை மணி நேரம். டிகிரியில் சந்தேகம் இருந்தால் மேற்கொண்டு தேர்வு கேட்பார்கள். பல மாகாணங்களில் 34 திறன்களுக்கு, ஒவ்வொன்றுக்கும் சூழ்நிலை என்ன, நீங்கள் செய்தது என்ன, விளைவு என்ன என்று எழுதி, நேரில் பார்த்த ஒருவரின் உறுதிமொழியும் வாங்க வேண்டும். நம்மவர்கள் சறுக்குவது இங்கேதான். ‘பாலத்தை முடித்தோம்’ என்று அடக்கமாக எழுதுவார்கள். மதிப்பிடுபவருக்கு வேண்டியது, தூணின் அடித்தள ஆழத்தை மாற்றச் சொன்னது யார், எந்த மண் பரிசோதனையை வைத்துச் சொன்னார் என்பது. ஒரு வருஷமாவது கனடாவில் வேலை பார்த்திருக்க வேண்டும் என்ற நிபந்தனையை ஒன்டாரியோ மாகாணம் 2023ல் நீக்கியது. வெளியிலிருந்து வருபவர்களுக்கு இது பெரிய கதவு.

என் கணிப்பு இது. கல்லூரி முடித்துச் சில வருஷமே ஆனவர், கணக்கு இன்னும் கையில் இருப்பவர், எஃப்.இ. எழுதிவிடுவது நல்லது. கனடாவில் ஆல்பர்ட்டா போன்ற மாகாணங்கள் டிகிரியைச் சரிபார்க்க அதே தேர்வைத்தான் கேட்கின்றன. இரு நாட்டுக்கும் உதவும். பத்துப் பன்னிரண்டு வருஷம் பொறுப்பான வேலை பார்த்தவருக்குக் கனடாதான் நியாயமான இடம். அவருடைய அனுபவத்துக்கு அங்கேதான் எடை தருகிறார்கள்.

எந்த வழியானாலும் ஊரை விட்டுக் கிளம்புமுன் பாடத்திட்ட நகல்களைக் கல்லூரி முத்திரையோடு வாங்கிக்கொள்ளுங்கள். பழைய மேலதிகாரிகளின் சொந்த மின்னஞ்சல் முகவரியையும் கேட்டு வையுங்கள். கம்பெனி மாறிய பிறகு அலுவலக முகவரி வேலைக்கு ஆகாது.