மார்ஸ்-500ஆ, ஹெராவா: தூக்கத்தை ஆராய எது பெட்டர்?

ரெண்டுமே பூமியிலயே ஆளுங்கள அடைச்சு வச்சு பண்ற ஸ்பேஸ் டெஸ்ட்தான், ஆனா போற ரூட்டே வேற. மாஸ்கோல நடந்த மார்ஸ்-500ல 6 பேர், 520 நாள், 2010 ஜூன்ல உள்ள போனவங்க 2011 நவம்பர்லதான் வெளிய வந்தாங்க. கையில வாட்ச் மாதிரி ஒரு சென்சார், அது அசைவ வச்சே எப்ப முழிச்சிருக்காங்க எப்ப தூங்குறாங்கன்னு கணக்கு எடுத்துச்சு. நாளாக ஆக எல்லாரும் ரொம்ப அசையாம கெடந்தாங்க, அதுல ஒருத்தருக்கு நாளே 24 மணி நேரத்த தாண்டி 25 மணி நேரம் மாதிரி ஓடிருக்கு, அதனால மத்தவங்க தூங்குறப்ப இவரு முழிச்சிட்டு, அவங்க வேலை பாக்குறப்ப இவரு தூங்கிட்டு... பாவம்.

ஹூஸ்டன்ல நாசாவோட ஹெரா அப்படி இல்ல. 4 பேர், 45 நாள், அவ்ளோதான். ஆனா இங்க தூக்கத்த வேணும்னே குறைப்பாங்க, ஒரு சீரிஸ்ல வார நாள்ல ராத்திரிக்கு வெறும் 5 மணி நேரம்தான். அடுத்தடுத்து புது டீம் வர்றதால ஒப்பிட நிறைய ஆளுங்க கிடைக்கும், 6 பேர வச்சு என்னத்த பொதுவா சொல்றது?

என்னக் கேட்டா தூக்கம் கம்மியானா கவனம் எவ்ளோ கெடுதுன்னு பாக்க ஹெரா போதும். அந்த 25 மணி நேர ஆளு மாதிரி மெதுவா தடம் மாறுறத புடிக்க 45 நாள் பத்தவே பத்தாது, அதுக்கு மார்ஸ்-500 மாதிரி நீளமா ஓட்டணும்.