சி-யில் மூச்சு முட்டுகிறது, டி-யில் காற்று வாங்குகிறது

விண்டோஸ் 10-க்கான ஆதரவு 2025 அக்டோபர் 14-ஆம் தேதியோடு முடிந்ததிலிருந்து தெரிந்தவர்கள் எல்லோரும் 11-க்கு மாறிக்கொண்டிருக்கிறார்கள். மாண்டலேயில் இருக்கும் மச்சானும் வைபரில் கேட்டார்: "பார்மட் பண்ணப்போறேன், சி டிரைவுக்கு எவ்வளவு விடலாம்?" ரெண்டு வரியில் பதில் சொல்லத்தான் உட்கார்ந்தேன். எரிச்சலில் நீண்டுவிட்டது.

யாங்கோனில் கணினியைக் கடையில் கொடுத்தால், உள்ளே இருக்கும் ஒரே டிஸ்க்கைக் கேட்காமலே சி (விண்டோஸுக்கு), டி (நம் கோப்புகளுக்கு) என்று பிரித்துக் கொடுப்பதுதான் வழக்கம். என் மேசைக் கணினியும் அப்படித்தான் வந்தது. 500 ஜிபி எஸ்எஸ்டி, விண்டோஸ் கணக்கில் 465. சி-க்கு 100, மீதி முழுக்க டி.

முதல் வருஷம் குறையே தெரியவில்லை. அப்புறம் சி நிரம்பிவிட்டது என்று காட்டும் அந்தச் சிவப்புக் கோடு வந்தது, இன்றுவரை போகவில்லை. புரோகிராமை டி-யில் போட்டாலும் அதன் தற்காலிகக் கோப்புகள் சி-யில் உள்ள ஆப்டேட்டா ஃபோல்டருக்குள்தான் போய்க் குவியும். கணினி ஆழ்ந்து தூங்கும்போது (ஹைபர்னேஷன்) திறந்திருப்பதைச் சேமிக்கும் கோப்பு வேறு, ராம் அளவில் பாதிக்குக் கொஞ்சம் குறைவாகப் பிடித்து வைத்திருக்கும்; அதை அணைத்துவிட்டேன். சொந்தக்காரர்கள் அனுப்பும் கல்யாண வீடியோ அத்தனையும் வைபர் வழியாக டாக்குமென்ட்ஸுக்குள் இறங்கும். டாக்குமென்ட்ஸ் ஃபோல்டரின் பிராப்பர்டீஸில் லொகேஷன் பகுதிக்குப் போய் டி-க்கு மாற்றினால் அந்தச் சுமை குறையும். ஆப்டேட்டா அப்படி நகராது.

டி-யில் பாதி காலி. அதில் ஐம்பது ஜிபி எடுத்து சி-க்குக் கொடுத்தால் தீர்ந்தது என்றுதானே தோன்றும்? கொடுக்க முடியாது. விண்டோஸிலேயே இருக்கும் டிஸ்க் மேனேஜ்மென்டில் ஒரு பகுதியைப் பெரிதாக்க, அதற்கு நேர் வலப்பக்கம் ஒட்டினாற்போல் காலியிடம் இருக்க வேண்டும். டி-யைச் சுருக்கினால் காலியிடம் டி-யின் வால்பக்கம்தான் கிடைக்கும். சி-யின் மேல் ரைட் கிளிக் செய்தால் 'எக்ஸ்டெண்ட்' சாம்பல் நிறத்தில் செத்துக் கிடக்கும். டி-யையே அழித்தாலும் சில கணினிகளில் நடுவே விண்டோஸைப் பழுதுபார்க்க ஒதுக்கின ரெகவரி பகுதி ஒன்று உட்கார்ந்திருக்கும். பக்கத்து வீட்டுத் திண்ணை காலியாக இருந்தும் நடுவில் மூன்றாம் ஆள் சுவர் எழுப்பின கதை.

ஜிபார்ட்டெட் மாதிரி கருவியால் டி-யை அப்படியே வலப்பக்கம் தள்ளலாம். ஆனால் அது உள்ளே இருக்கும் தரவையே எடுத்து நகர்த்தும் வேலை, மணிக்கணக்கில் ஓடும். பாதியில் கரண்ட் போனால் டி-யும் போச்சு. முறை வைத்து கரண்ட் விடுகிற ஊரில், கால் மணி நேரம் தாங்காத யுபிஎஸ்ஸை நம்பி யார் அந்த வேலையில் இறங்குவார்? மடிக்கணினிக்காரர்கள் தைரியமாகச் செய்யலாம்.

நியாயத்தையும் சொல்ல வேண்டும். போன மழைக்காலத்தில் விண்டோஸ் எழவே மறுத்தபோது சி-யை மட்டும் பார்மட் செய்து புதிதாகப் போட்டேன். டி-யில் ஒரு கோப்பு அசையவில்லை. அப்பாவின் பழைய படங்கள், கடைக் கணக்கு, கோயில் அழைப்பிதழ்கள் எல்லாம் இருந்த இடத்தில் இருந்தன. பர்மா 2019 அக்டோபர் 1-இல் யூனிகோடுக்கு மாறுவதற்கு முன் ஜாவ்ஜி என்ற பழைய பர்மிய எழுத்துருவில் அடித்த கடிதங்களும் அங்கேதான். அவற்றைத் திறக்க வேண்டிய எழுத்துருக்களையும் டி-யில் ஒரு பிரதி போட்டு வைத்திருந்தேன். சி-யோடு விண்டோஸ் ஃபோல்டர் அழியும்போது நாமாகச் சேர்த்த எழுத்துருக்களும் அழிந்துவிடும். அன்றைக்கு டி-யைக் கும்பிடத் தோன்றியது. ஆனால் ஒன்று, எஸ்எஸ்டியே செத்தால் இரண்டும் சேர்ந்தே சாகும். டி இருக்கிறது என்று பேக்கப் எடுக்காமல் இருப்பவர்களை நிறையப் பார்க்கிறேன்.

இவ்வளவு புகழ்ந்த பிறகும் மச்சானுக்கு நான் எழுதியது இதுதான்: பிரிக்காதீர்கள். முழுசையும் சி-க்கே விடுங்கள், படங்களுக்கு வெளி ஹார்ட்டிஸ்க் ஒன்று வாங்குங்கள். மனசு கேட்காமல் பிரித்தே தீருவேன் என்றால் சி-க்கு 200-க்குக் குறையக் கூடாது. எதைச் செய்தாலும் முதலில் டிரைவைப் பூட்டி வைக்கும் பிட்லாக்கர் போட்டிருக்கிறதா என்று பாருங்கள். போட்டிருந்தால் அதைத் திறக்கும் 48 இலக்க மீட்புச் சாவியைக் காகிதத்தில் எழுதி வைத்துக்கொண்டு அப்புறம் பார்மட்டில் கை வையுங்கள்.

என் டி? இப்போதும் பாதி காலி. சி-யில் ஒன்பது ஜிபி மிச்சம்.