இரண்டு கண்ணிலும் வேறு வேறு பவர்: கண்ணாடியா, கான்டாக்ட் லென்ஸா, லேசிக்கா?

ஒரு கண் மைனஸ் 1, மற்றது மைனஸ் 5 என்று வைத்துக்கொள்வோம். ஒவ்வொரு கண்ணும் தனியாகத் தெளிவாகப் பார்க்கும்படி கண்ணாடி கொடுப்பது சுலபம். இரண்டையும் சேர்த்துத் திறக்கும்போதுதான் தலைவலி ஆரம்பிக்கிறது.

கண்ணாடி கண்ணிலிருந்து சுமார் 12 மில்லிமீட்டர் தள்ளி இருக்கிறது. அதனால் மைனஸ் லென்ஸ் உருவத்தைச் சிறிதாக்குகிறது, ஒரு டையாப்டருக்கு (பவரை அளக்கும் அலகு) ஒரு சதவீதத்துக்குச் சற்று மேல். நம் ஆளுக்கு 4 டையாப்டர் வித்தியாசம். இரு கண்ணிலும் தெரியும் உருவங்கள் அளவில் ஏறக்குறைய 5 சதவீதம் வேறுபடும். இதைவிடப் பெரிய தொல்லை, படிக்கக் கீழே பார்க்கும்போது. லென்ஸின் மையத்துக்கு ஒரு சென்டிமீட்டர் கீழே பார்த்தால் இரு பிம்பங்களும் மேலும் கீழுமாக விலகுகின்றன. பக்கவாட்டு விலகலைக் கண்கள் சமாளிக்கும், இதை அவ்வளவாகச் சமாளிக்காது. தலையைக் குனிந்து படித்துத் தப்பிக்கலாம். பைஃபோகல் (கீழ்ப்பகுதியில் படிக்கும் பவர் வைத்த கண்ணாடி) போட்டவருக்கு அந்த வழியும் இல்லை.

கான்டாக்ட் லென்ஸ் கண்ணோடு சேர்ந்தே நகர்வதால் அந்த விலகல் ஏறக்குறைய இல்லாமல் போகிறது, அளவு வித்தியாசமும் வெகுவாகக் குறைகிறது. கண்ணின் நீள வித்தியாசத்தால் வந்த பவருக்குக் கண்ணாடிதான் பொருத்தம் என்று பாடநூல் விதி ஒன்று உண்டு. நடைமுறையில் அப்படிப்பட்டவர்களிலும் பலருக்குக் கான்டாக்ட் லென்ஸே சௌகரியம். 3 டையாப்டருக்கு மேல் வித்தியாசமுள்ள பெரியவருக்கு என் ஓட்டு இதற்குத்தான். ஆனால் லென்ஸோடு தூங்குவதும் குழாய்த் தண்ணீரில் அதைக் கழுவுவதும் கருவிழியில் தொற்றை வரவழைக்கும். அந்த ஒழுக்கம் வராதவருக்கு வேண்டாம்.

லேசரால் கருவிழியைச் செதுக்கிப் பவரைச் சரிசெய்யும் லேசிக்கும் பார்வையளவில் கான்டாக்ட் லென்ஸ் போலத்தான். 18 வயது தாண்டியிருக்க வேண்டும், பவர் ஒரு வருடமாவது மாறாமல் இருக்க வேண்டும், கருவிழி போதிய தடிமன் வேண்டும். கண் வறட்சி வரலாம். சோம்பேறிக் கண்ணை, அதாவது சரியான பவர் போட்டும் பார்வை தெளியாத கண்ணை, அது சரிசெய்யாது. அந்தக் குறை மூளையில் இருக்கிறது.

குழந்தைகளுக்கு இந்த வரிசையே மாறும். ஒரு கண் நன்றாகத் தெரிவதால் பிள்ளை புகாரே சொல்லாது. மங்கலான கண்ணை மூளை ஓரங்கட்டிவிடும். ப்ளஸ் பவர் வித்தியாசம் இதில் மோசம், ஏனென்றால் கூடுதல் ப்ளஸ் உள்ள கண்ணுக்குக் கிட்டத்திலும் தூரத்திலும் தெளிவில்லை. முதலில் கண்ணாடிதான். பெரியவருக்குத் தலைசுற்றும் வித்தியாசத்தைப் பிள்ளைகள் பெரும்பாலும் சாதாரணமாகத் தாங்குகிறார்கள். கண்ணாடியிலேயே சில மாதங்களில் பார்வை ஏறிவிடும் பிள்ளைகள் உண்டு. ஏறாவிட்டால் அப்புறம் நல்ல கண்ணை மூடிப் பயிற்சி. ஒரு கண்ணில் மட்டும் புரை எடுத்த கைக்குழந்தைக்கோ கான்டாக்ட் லென்ஸ் போடுவதே வழக்கம்.