லிதியமும் என் கையெழுத்தும்: 14 ஆண்டுப் பழக்கம்

சென்ற வாரம் பட்டர்வொர்த்திலிருந்து ஒரு நண்பர் அழைத்தார். அவருடைய மகனுக்கு இருமுனை மனநோய் (மனம் அளவுமீறிய உற்சாகத்துக்கும் ஆழ்ந்த சோர்வுக்கும் மாறி மாறிப் போகும் நோய்) என்று உறுதியாகி, லிதியம் எழுதிக் கொடுத்திருக்கிறார்கள். "அண்ணே, போன் பேட்டரியில போடுறதையா மனுஷனுக்குக் கொடுப்பாங்க? கிட்னி போயிடுமாமே?" என்றார். 14 ஆண்டுகளாக இரவுதோறும் 900 மில்லிகிராம் விழுங்குகிறவன் என்பதால் கேள்வி என்னிடம் வந்தது. தொலைபேசியில் பாதிதான் சொல்ல முடிந்தது.

என் மனக்குறையை முதலில் இறக்கிவைத்துவிடுகிறேன். இந்த மாத்திரையால் கை நடுங்குகிறது. பிறர் கண்ணில் படாத மெல்லிய நடுக்கம்தான். ஆனால் நான் ஜார்ஜ் டவுனில் ஒரு துணிக்கடையின் கணக்குகளைப் பார்க்கிறவன், காசோலைகளில் கையெழுத்திடுகிறவன். பெயரின் கடைசியில் ஒரே இழுப்பில் வந்துகொண்டிருந்த சுழி, இப்போது ஈரத்தரையில் மண்புழு போனதுபோல் நெளிந்து கிடக்கிறது. ஒருமுறை வங்கி முகப்பில் இருந்த பெண் மூன்று தடவை கையெழுத்திடச் சொன்னார். ஒவ்வொன்றும் முந்தையதைவிட மோசமாக வந்தது. அவர் மீது எரிந்து விழுந்தேன். வீட்டுக்கு வந்து பழைய கையெழுத்தைப் பக்கத்தில் வைத்துப் பார்த்தபோது, அந்த நாற்காலியில் நானே இருந்திருந்தாலும் அந்தக் காசோலையை ஏற்றிருக்க மாட்டேன் என்றுதான் பட்டது.

மருத்துவர் நடுக்கத்துக்குப் புரோப்ரனலோல் என்ற மாத்திரை கொடுத்தார். நடுக்கம் பாதி அடங்கியது. மீதியையும் அடக்கிவிடலாம் என்று நானாகக் கோப்பியை ஒரேயடியாக நிறுத்தினேன். கோப்பியில் உள்ள கஃபீன் லிதியத்தைச் சிறுநீரோடு வெளியேற்றிக்கொண்டிருந்தது எனக்குத் தெரியாது. அது நின்றதும் இரத்தத்தில் மருந்தின் அளவு ஏற, நடுக்கமும் கூடவே ஏறியது. இப்போது காலையில் ஒரு கோப்பி, மாலையில் ஒரு கோப்பி; கூட்டுவதுமில்லை, குறைப்பதுமில்லை.

இந்த மருந்தின் சங்கடம் அந்த அளவில்தான் இருக்கிறது. இரத்தத்தில் லிட்டருக்கு 0.6 முதல் 0.8 மில்லிமோல் வரை நின்றால் எனக்கு நல்லது, 1.5ஐத் தாண்டினால் அதுவே நஞ்சு. ஆகவே சில மாதங்களுக்கு ஒருமுறை, கடைசி மாத்திரைக்குப் பிறகு 12 மணி நேரம் கழித்து இரத்தம் கொடுக்க வேண்டும். இரவு ஒன்பதுக்கு விழுங்கி, காலை ஒன்பதுக்கு அரசாங்க மருத்துவமனையில் சட்டைக் கையை மடித்துக்கொண்டு உட்கார்ந்திருப்பேன். சிறுநீரகம், தைராய்டு, கால்சியம் எல்லாம் சேர்த்துப் பார்த்து, மருந்தும் கொடுத்து, நிபுணரைப் பார்க்க ஐந்து மலேசிய வெள்ளிதான் வாங்குகிறார்கள். இதைக் குறை சொல்ல எனக்கு வாய் வரவில்லை.

குறை சொல்ல வேண்டியது வேறொரு நாள் நடந்ததை. முதுகுவலிக்கு ஒரு தனியார் கிளினிக்கில் டைக்ளோஃபெனாக் கொடுத்தார்கள். என்ன மருந்து சாப்பிடுகிறேன் என்று அவர்கள் கேட்கவில்லை. வெட்கப்பட்டுக்கொண்டு நானும் சொல்லவில்லை. அந்த வகை வலிமாத்திரைகள் சிறுநீரகம் லிதியத்தை வெளியேற்றுவதைத் தடுக்கின்றன. நான்காம் நாள் வாந்தி, தள்ளாட்டம், சட்டைப் பொத்தானைத் துளையில் நுழைக்க முடியாத அளவுக்கு நடுக்கம். அவசரப் பிரிவில் பார்த்தபோது அளவு 1.7. வலிக்குப் பாராசிட்டமால் என்று அன்று முதல் சட்டைப்பையில் ஒரு சீட்டு வைத்திருக்கிறேன்.

நண்பர் அஞ்சியதும் பொய்யில்லை. நீண்ட காலம் எடுத்தால் சிலருக்குச் சிறுநீரகத்தின் வடிகட்டும் திறன் மெல்லக் குறையும். எனக்கு 92இலிருந்து 74க்கு வந்திருக்கிறது. வயதின் பங்கும் அதில் உண்டு என்கிறார் மருத்துவர். ஆனால் இதெல்லாம் தாளில் அச்சாகி, முன்கூட்டியே கைக்கு வரும் ஆபத்து. என் நோய் அப்படி எந்தத் தாளையும் அனுப்பிவிட்டு வந்ததில்லை. ஏழாம் ஆண்டில், நன்றாகத்தானே இருக்கிறேன் என்று யாரிடமும் சொல்லாமல் மாத்திரையை நிறுத்தினேன். ஆறு வாரத்தில் நான்கு இரவுகள் தூங்காமல், களைப்பே தெரியாமல், இரண்டு கடைவீடுகளுக்கு முன்பணம் கட்டிவிட்டு வந்து, உலகமே எனக்குப் புரிந்துவிட்டதாக மனைவியிடம் விளக்கிக்கொண்டிருந்தேன். அவள் கார் சாவியை அரிசிப் பானைக்குள் ஒளித்தாள். அதன் பின் வந்த மூன்று மாத இருட்டைப் பற்றி இங்கே எழுதப்போவதில்லை. தற்கொலை ஆபத்தைக் குறைப்பதில் லிதியத்துக்கு இணையான மருந்துகள் குறைவு என்பதை நான் படித்துத் தெரிந்துகொள்ள வேண்டியிருக்கவில்லை என்பது மட்டும் போதும்.

1949இல் ஆஸ்திரேலிய மருத்துவர் ஜான் கேட் இதன் பயனை எழுதினார். இயற்கையில் கிடைக்கும் உப்பு என்பதால் மலிவு. உப்பு என்பதாலேயே சாப்பாட்டில் உப்பைத் திடீரென்று குறைத்தாலும், வெயிலில் வேர்த்து உடம்பு வற்றினாலும் இரத்தத்தில் அளவு ஏறும். தைப்பூசத்தன்று தண்ணீர்மலைக்கு நடக்கும்போது ஒரு தண்ணீர்ப் பந்தலையும் நான் விடுவதில்லை.

நண்பரிடம், மகன் மாத்திரையைத் தொடரட்டும், இரத்தப் பரிசோதனையை ஒருமுறைகூடத் தவறவிட வேண்டாம், நிறுத்த நினைத்தால் மருத்துவரிடம் சொல்லிப் படிப்படியாக நிறுத்தட்டும் என்றேன். அது சென்ற வாரம். இன்று காலை இன்னொரு காசோலை, கையெழுத்து பொருந்தவில்லை என்று திரும்பி வந்திருக்கிறது. ஆகவே இன்று கேட்டால், எனக்கு இந்த மருந்து பிடிக்கவில்லை என்றுதான் சொல்வேன். மணி எட்டே முக்கால். மனைவி தண்ணீர்க் குவளையை மேசையில் வைத்துவிட்டுப் போயிருக்கிறாள்.