டால்பினைக் கேட்க: விசிலா, கிளிக்கா?

நீருக்கடியில் ஒலி பிடிக்கும் மைக் வாங்கப் போகிறவர்கள், டால்பினின் விசிலைப் பதிவதா கிளிக்கைப் பதிவதா என்று குழம்புகிறார்கள்.

செலவு: விசில் பெரும்பாலும் நம் காதுக்கு எட்டும் 20 கிலோஹெர்ட்ஸுக்குள்தான் இருக்கும், சாதாரண ரெக்கார்டரே போதும். கிளிக் 100 கிலோஹெர்ட்ஸையும் தாண்டும், கருவி விலையும் ஏறும்.

கிடைப்பது: கிளிக், எதிரொலியை வைத்து இரை தேடும் சத்தம். விசிலோ உறவுக்கு. புட்டிமூக்கு டால்பின் குட்டியாக இருக்கும்போதே தனக்கென ஒரு விசிலை உருவாக்கிக்கொள்கிறது, கிட்டத்தட்ட பெயர் மாதிரி. ஸ்காட்லாந்துக் கடலில் அந்த விசிலை நகலெடுத்து ஒலிக்கவிட்டபோது அதற்குரிய டால்பினே பதில் விசில் கொடுத்ததாக 2013-இல் வெளியான ஆய்வைப் படித்ததும் எனக்குச் சிலிர்த்துவிட்டது.

சரி, யார் யாரை அழைக்கிறது என்று அறிய விசில். வேட்டையைக் கவனிக்க கிளிக். நியூசிலாந்தின் ஹெக்டர் டால்பின் என்றால் கிளிக்தான், அது பொதுவாக விசிலடிப்பதில்லை.