கிணற்றுத் தண்ணீருக்குச் சவர்க்காரமா, சலவைத்தூளா?

திருகோணமலையின் நிலாவெளி, உப்புவெளிப் பக்கம் கடலோரக் கிணற்றில் தோய்ப்பவர்கள் முதலில் தண்ணீரைப் பார்க்கவேண்டும். போத்தலில் பாதி தண்ணீர் விட்டு, கடலையளவு சவர்க்காரச் சீவல் போட்டுக் குலுக்குங்கள். நுரை நின்றால் மென்னீர். திரிந்த பால்போல் வெள்ளைத் துகள் மிதந்தால் வன்னீர்.

சவர்க்காரம் என்பது கொழுப்பமிலத்தின் சோடியம் உப்பு. வன்னீரிலுள்ள கல்சியமும் மக்னீசியமும் அதைப் பிடித்துக் கரையாத படிவாக்கிவிடும். கறுப்புச் சட்டையின் மடிப்பில் காய்ந்தபின் தெரியும் சாம்பல் கோடு அதுதான். எவ்வளவு தேய்த்தாலும் போகாது, இன்னும் சேரும். சலவைத்தூளிலுள்ள சல்போனேற்று என்ற செயற்கை அழுக்குநீக்கி இப்படி எளிதில் படியாது. கூடவே சோடியம் காபனேற்று போன்றவை கல்சியத்தைக் கட்டிவிடும். ஆகவே வன்னீருக்குத் தூளே நல்லது.

சவர் தண்ணீர் வேறு கதை. சோடியம் உப்பு கூடினால் சாதாரண சவர்க்காரம் கரையாமல் ஒதுங்கும். தேங்காய் எண்ணெய்ச் சவர்க்காரம் விதிவிலக்கு: அதிலுள்ள லோரிக் அமிலத்தின் சங்கிலி 12 காபன்தான், குட்டை; அதனால் உப்புத் தண்ணீரிலும் கரைந்து, கடல்நீரிலும் நுரைக்கும். வலை இழுத்த கைகளுக்கு இதைத்தான் சொல்வேன்.

வன்னீரிலும் சவர்க்காரக் கட்டியைக் கைவிட மனமில்லையா? 10 லீற்றர் வாளிக்கு ஒரு மேசைக்கரண்டி சலவைச் சோடாவை (சோடியம் காபனேற்று) முதலில் கரைத்து, கொஞ்சம் பொறுத்துச் சவர்க்காரம் போடுங்கள். சோடாவைப் பிந்திப் போட்டால் படிவு ஏற்கெனவே துணியில் ஏறியிருக்கும்.

பட்டுக்குச் சலவைச் சோடாவும் வேண்டாம், சலவைத்தூளும் வேண்டாம். சோடாவின் காரமும், நொதியம் (என்சைம்) சேர்த்த தூளும் இழையை அரிக்கும்.